மியாட்டாவைப் பிரித்து விற்கும்போது: போனட் முதல் லோயர் ஆர்ம் வரை

[காட்சி: அமெரிக்கக் கராஜ் ஒன்றில் ஸ்டாண்டுகள் மேல் சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. சக்கரங்கள் கழற்றப்பட்டுள்ளன.]

ஒரு போல்ட்டைக்கூடத் தொடும் முன் வின் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேஎம்1என்ஏ என்று தொடங்கினால் முதல் தலைமுறை, சுருக்கமாக 'என்ஏ'. அமெரிக்காவில் 1990 முதல் 1997 வரையிலான மாடல்கள். ஜேஎம்1என்பி என்றால் இரண்டாம் தலைமுறை, 'என்பி': 1999 முதல் 2005 வரை. 1998 மாடல் அங்கே விற்கப்படவே இல்லை. அப்படியே பெயின்ட் கோடையும், அதாவது நிறத்தின் குறியீட்டையும், எழுதுங்கள். 'சிவப்பு' என்று மட்டும் போட்டால் போதாது, கிளாசிக் ரெட் என்றால் 'எஸ்யு'. ஆனால் குறியீடு ஒன்றாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த சிவப்பு இன்னொரு வண்டியோடு சேராது. அதனால் நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள்.

[காட்சி: என்ஏ, என்பி முன்பக்கங்கள் அருகருகே.]

இரண்டு தலைமுறையின் போனட், ஃபென்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), பம்பர் ஒன்றுக்கொன்று பொருந்தாது. என்பியிலேயே 2001-இல் முன் பம்பரும் ஹெட்லைட்டும் மாறின. வருஷம் போடாத விளம்பரம் திரும்பிவரும் பார்சலில்தான் முடியும். ஹார்ட்டாப் என்கிற கழற்றக்கூடிய கெட்டிக் கூரை மட்டும் இரண்டிலும் உட்காரும். அதை விற்கும்போது பக்கவாட்டு லாட்ச், அது மாட்டும் ஸ்டிரைக்கர், ரப்பர் சீல் எல்லாம் உண்டா என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

[காட்சி: போனட்டின் மேல் காந்தம் வழுக்கி விழுகிறது.]

போனட் அலுமினியம். எனவே பள்ளத்தை அடைக்கப் பட்டி (புட்டி) பூசியிருக்கிறார்களா என்று காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. அலுமினியத்தையும் அளக்கும் பெயின்ட் கேஜ் வேண்டும். இல்லையென்றால் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு எங்கே வளைகிறது என்று பாருங்கள். விளிம்புகளில் பெயின்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அலுமினிய அரிப்பு, விலையைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஃபென்டர் இரும்பு. கதவுப் பக்கம் கீழ்முனையில், உள்ளே சேறும் சருகும் தங்குகிற இடத்தில்தான் துரு பிடிக்கும். கழற்றிக் கழுவி உட்புறத்தைப் படம் எடுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்கிற பகுதியும் அப்படித்தான். சாஃப்ட்டாப்பின் (மடக்கும் துணிக் கூரையின்) வடிகால் அடைத்தால் தண்ணீர் அங்கே தேங்கும். அது வெல்டு செய்த தகடு. கேட்பவருக்கு வெட்டிக் கொடுப்பதாக இருந்தால் அவர் சொன்ன கோட்டுக்கு வெளியே சில அங்குலம் தள்ளி வெட்டுங்கள்.

[காட்சி: துருப்பிடித்த கேம்பர் போல்ட், அருகே ரெசிப்ரோகேட்டிங் ரம்பம்.]

அடுத்து சஸ்பென்ஷன். உண்மையான வேலையே இதில்தான். சாலையில் உப்பு போடும் மிச்சிகன், ஒஹாயோ வண்டிகளில் லோயர் ஆர்மின் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின்) கேம்பர் போல்ட், அதாவது சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் போல்ட், புஷ் என்கிற ரப்பர் உருளைக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு இறுகிப்போயிருக்கும். நட் சுழலும், போல்ட் நகராது. டார்ச்சால் சூடாக்கினால் ரப்பர் எரிந்துவிடும். பெனட்ரேட்டிங் ஆயிலுக்கும் மசியவில்லை என்றால் புஷ்ஷின் இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து, 'புது புஷ்ஷும் போல்ட்டும் போட வேண்டும்' என்று எழுதி விற்பதே நேர்மை.

ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. இடது ஆர்மையும் வலது ஆர்மையும் பக்கத்தில் வைத்து, துளை மையத்திலிருந்து பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்தில் உள்ள உருண்டை மூட்டு) மையம் வரை அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால், அல்லது அந்த மூலையில் அடிபட்ட வண்டி என்று தெரிந்தால், பழைய இரும்புக்குப் போடுங்கள். அதை விற்கவே கூடாது, ஓட்டுகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. முன்பக்க அப்பர் ஆர்மில் (மேல் கையில்) பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தது. அது ஆடினால் ஆர்மே போச்சு. கீழே உள்ளதைத் தனியாக மாற்றலாம்.

[காட்சி: ஸ்பிரிங்கோடு முழு ஷாக் செட்.]

ஷாக்கை ஸ்பிரிங்கோடு முழு செட்டாக விற்பதுதான் நல்லது. பிரிப்பதாக இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் நடு நட்டைத் தொடாதீர்கள். கழற்றிய ஷாக்கை நிமிர்த்தி அழுத்துங்கள்: வழியில் எங்காவது எதிர்ப்பே இல்லாமல் 'தொப்' என்று இறங்கினால், தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால், அது தேய்ந்தது. பில்ஸ்டைன் நிறுவன ஷாக் என்றால் வாயு அழுத்தத்தால் தண்டு தானாக மேலே வரும். வராவிட்டால் வாயு போய்விட்டது. என்பியின் மேல் மவுன்ட்களை (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் பாகங்களை) தனியாகக் குறிப்பிடுங்கள். ஷாக்குக்குக் கூடுதல் பயணம் கிடைப்பதால் என்ஏ வைத்திருப்பவர்களும் தேடுவார்கள்.

[காட்சி: அட்டை சுற்றிய பம்பர், போல்ட் பைகள்.]

போனட்டும் ஹார்ட்டாப்பும் நேரில் வந்து எடுப்பவருக்கு விற்பது உத்தமம். பார்சலில் மூலை மடங்கிவிடும். சிறு பாகங்களுக்கு, ஒவ்வொரு மூலையின் போல்ட்டும் வாஷரும் தனிப் பையில், 'முன் இடது' என்று எழுதி, பாகத்தோடேயே கட்டி அனுப்புங்கள்.