தபால் பெட்டியில் இருக்க வேண்டிய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும். அதற்காக ஆவணி, புரட்டாசியில் மீனம்பாக்கத்திலிருந்து நம் பிள்ளைகள் நிறையப் பேர் விமானம் ஏறுகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், குக்கர் எல்லாம் பெட்டியில் ஏறிவிடும். போய் இறங்கிய முதல் மாதத்தில் எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் பலர் யோசிப்பதில்லை. இன்று அதைச் சொல்கிறேன்.

எல்லாம் முகவரியிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மாணவர்கள் இதை ஆன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட், விசா, படிவம் ஆகியவற்றோடு, நீங்கள் குடியேறியதை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது. "இங்கே பதிவு செய்ய முடியாது" என்று சொல்லும் வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் நேரம் கிடைப்பது கடினம். முகவரி உறுதியாகிவிட்டால் சென்னையிலிருந்தே இணையத்தில் நேரம் பதிந்துவிடலாம். இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்கவில்லையா? பதிந்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது பணம். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ கட்டுகிறீர்கள். மாதம் 992 யூரோதான் வெளியே வரும். இது 2024 செப்டம்பர் முதல் உள்ள அளவு. அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான் அந்தப் பணமும் கைக்கு வரும். அந்தக் கணக்கு திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. ஆகவே முதல் மாத வாடகை, அட்வான்ஸ், சாப்பாட்டுச் செலவு மூன்றுக்கும் தனியாகப் பணம் வேண்டும். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. அதுவும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத அடிப்படை வாடகைக் கணக்கில். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே இடம் தருகிறது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அது மோசடி.

அடுத்தது தபால் பெட்டி. நம் ஊரில் கதவு எண் சரியாக இருந்தால் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும். கார்த்திக்குக்கு வரும் கடிதம் முருகேசன் என்று வரும். பெட்டியில் "கார்த்திக்" மட்டும் ஒட்டியிருந்தால் வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் வந்த வழியே திரும்பும். குடியேறிய நாளிலேயே இரண்டு பெயரையும், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில், பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டுங்கள். வரி எண் கைக்கு வராமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கலாம்.

பதிவு முடிந்ததும் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கூட இருக்கும் யாராவது ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதிப் பதில் போடுங்கள். குப்பையில் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

நவம்பர் வந்தால் ஜன்னல் விஷயம். மூடிய அறையில் சாம்பார் கொதிக்கும், துணி காயும். அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் கைவைக்க அதுவே காரணமாகலாம். ஜன்னலை நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைப்பது தப்பு; சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து ஈரம் இன்னும் படியும். ஹீட்டரை மூடிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். தினமும் இரண்டு மூன்று முறை. சமைத்தவுடன் ஒருமுறை கட்டாயம். பிறகு ஹீட்டர் திருகை மூன்றாம் எண்ணில் வையுங்கள். அறை சுமார் 20 டிகிரியில் நிற்கும். ஐந்தில் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடாது, கடைசியில் அதிகம் சூடாகும், அவ்வளவுதான். அந்தச் செலவு வருடக் கணக்கு முடிக்கும்போது தனி பில்லாக வந்து சேரும். வணக்கம்.