பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள்!

வணக்கம் மக்களே! டெட்ராய்ட் பக்கத்தில் இருந்து, நம்ம கராஜில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் ஏர் கம்ப்ரஸர். டேங்க் நிறைந்ததும் தானாக நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அமெரிக்க கார் ஒன்று வாங்கி, வார இறுதியில் கையில் கிரீஸ் பட வேலை பார்த்து, வெயில் காலத்தில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். வி8 தானா, அதாவது எட்டு சிலிண்டரா, எத்தனை குதிரைத்திறன், ரீபில்ட் பண்ணியாச்சா? நான் சொல்வது, இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். இன்ஜின் பழுது என்றால் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்துவிட்டு நிதானமாக வேலை பார்க்கலாம். தகரம் போயிருந்தால் தூக்கி வைக்க என்ன இருக்கிறது? இதோ என் பின்னால் நிற்கிறதே, 1966 மஸ்டாங், இந்த வகை வண்டியில் காசைத் தின்பது துருதான்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு இதை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 2,368 டாலர். அடியில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஃபால்கன் என்கிற சாதுவான குடும்பக் காரின் சாமான்கள். மேலேதான் நீளமான பானட், குட்டையான டிக்கி என்று புது உருவம். 1966 மார்ச்சில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்துவிட்டது, இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இத்தனை வண்டி விற்றதால்தான் இன்றைக்கும் இதற்குக் கிடைக்காத உதிரிபாகம் என்று அநேகமாக எதுவும் இல்லை. கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு, சீட் உறை, ஏன், ஃபோர்டு உரிமத்தோடு முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. 1957 செவ்ரோலே பெல் ஏர் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். அதன் குரோம் வேலைக்கு விலை விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஆனால் பெல் ஏரில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்குத் தனியாக சேஸிஸ் இருக்கிறது, பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. நீங்கள் கால் வைக்கிற தரைத் தகரம், அதோடு பற்றவைத்த ரெயில்கள் என்கிற நீளச் சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடுகிற ராக்கர், இவை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. தரையில் ஓட்டை விழுந்தால் அது வெறும் ஓட்டை இல்லை.

அந்தத் தரை எங்கிருந்து துருப்பிடிக்க ஆரம்பிக்கும்? ரோட்டுப் பக்கம், கீழே இருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மஸ்டாங்கில் மேலே இருந்தும் ஆரம்பிக்கும். சரி, கேமராவைக் கையில் எடுக்கிறேன். ஃபோகஸ் வரட்டும்... ம், வந்துவிட்டது.

முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில், வைப்பர் இருக்கிற இந்தப் பகுதிக்குப் பெயர் கவுல். மேலே வரிசையாக வெட்டு வெட்டாக ஓட்டை இருக்கும், வண்டிக்குள் காற்று வருவதற்காக. காற்று வருகிற வழியில் மழையும் வரும், இலையும் வரும். உள்ளே ஒரு நீளமான பெட்டி. பெட்டியின் அடித்தகரத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என வட்டமாக ஓட்டை போட்டு, அதைச் சுற்றி விளிம்பு எழுப்பியிருக்கிறார்கள். அடி இல்லாத டம்ளரை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். காற்று அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே போகும். தண்ணீர் தாண்ட முடியாமல் கீழேயே ஓடி, இரண்டு ஓரத்திலும் மட்கார்டுக்குப் பின்னால் வடிந்துவிடும். இலை உதிராத ஊராக இருந்தால் அருமையான யோசனை.

இந்த வண்டியில் மேல் தகரத்தைப் பிரித்துவிட்டேன், உள்ளே பாருங்கள். கறுப்பாக மொத்தையாகக் கிடக்கிறதே, அது பைன் ஊசியும் மேப்பிள் இலையும் மக்கிய குப்பை. யாரோ வருடக்கணக்கில் மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒதுக்குகிறேன். இப்போது விளிம்பின் அடிப்பக்கம் தெரிகிறதா? விரலால்தான் அழுத்துகிறேன், பொடியாக உதிர்கிறது பாருங்கள். டார்ச்சைக் கீழே இருந்து அடித்தால் சுற்றிலும் வெளிச்சம் வருகிறது. அங்கே தகரமே இல்லை. இந்தப் பெட்டிக்குள் அந்தக் காலத்தில் பெயிண்ட் சரியாகப் போய்ச் சேராது. மேலே ஈரக் குப்பை வேறு. அப்புறம் என்ன?

இனிமேல் மழை பெய்தால் தண்ணீர் ஓட்டுகிறவரின் இடது காலுக்கு மேல் சொட்டும். வலது பக்கம் ஹீட்டர் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து தரைக்கு வரும். தரையில் கார்ப்பெட், அதற்குக் கீழே சணல் விரிப்பு. அந்தச் சணல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே கார்ப்பெட் மட்டும் பளிச்சென்று இருக்கும், விற்பதற்கு முன்னால் புதிதாக மாட்டியிருப்பார்கள்.

அதனால்தான் வாளி. வண்டி பார்க்கப் போகும்போது கூட ஒரு ஆளையும் ஒரு டார்ச்சையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்கிறவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், "கவுலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா?" அனுபவமுள்ளவராக இருந்தால் எதற்கு என்று கேட்கவே மாட்டார். கார்ப்பெட்டை முன் ஓரத்தில் தூக்கிவிட்டு, உங்கள் நண்பரை டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று, முதலில் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம் என்று ஜக்கால் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டினால் சரி. நண்பர் மூஞ்சியில் சொட்டினால் விலையைப் பற்றிப் பேச வேண்டியதுதான். அவசரப்படாதீர்கள், வலது பக்கம் ஒழுகுகிற தண்ணீர் ஹீட்டர் பெட்டிக்குள் தேங்கிவிட்டுத் தாமதமாகத்தான் வெளியே வரும். ஜனவரியில் இந்தப் பரிசோதனை வேண்டாம், எங்கள் ஊரில் ஊற்றிய தண்ணீர் அங்கேயே உறைந்துவிடும்.

ஒழுகினால் விற்கிறவர் சொல்கிற பதிலும் எனக்கு மனப்பாடம். "அது கண்ணாடி ரப்பர் வழியாக வருது சார், இருபது டாலர் சமாச்சாரம்." இருக்கலாம். அப்படியென்றால் கண்ணாடி மேல் ஊற்றாமல் கவுலில் மட்டும் ஊற்றிக் காட்டுங்கள். நான் இந்த வண்டியை வாங்கும்போது அப்படித்தான் செய்தேன், விலையில் நல்ல தொகை இறங்கியது. ஒழுகுவது தெரிந்தேதான் வாங்கினேன், ரெயிலும் ராக்கரும் கெட்டியாக இருந்தன.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தொப்பி மாதிரி ஒன்றை சீலர் தடவி ஒட்டுவது. விற்கிறார்கள், வேலையும் செய்யும், ஆனால் கீழே துரு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். வாளிப் பரிசோதனையையும் அது ஏமாற்றிவிடும், அதனால் டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். இரண்டாவது வழிதான் நான் செய்துகொண்டிருப்பது. மட்கார்டு, பானட், வைப்பர், முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகரத்தைப் பிடித்திருக்கிற ஸ்பாட் வெல்டுகளை, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த இடங்களை, ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்து, கீழ்த் தகரத்தை மாற்றுவது. புதுத் தகரம் சில நூறு டாலர்தான், கூலிதான் சில ஆயிரத்துக்குப் போகும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் பாடி ஷாப்பில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்போது இங்கேதான் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "எங்க லைன்ல ரோபோ வச்ச இடத்துல இவங்க ஆள் வச்சுல்ல வெல்டிங் கன் பிடிச்சிருக்காங்க" என்று ஒவ்வொரு ஸ்பாட்டாகத் தடவிக்கொண்டே நின்றார். கடைசியில் துளை போடுகிற வேலையில் பாதி அவர் தலையில்தான் விழுந்தது. கதவைக் கழற்றாமல், கதவு இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் தகரத்தைப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்புறம் கதவு சாத்தாது.

கீழே இருந்து வருகிற துருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்த ஊர், கீழே அந்தக் காரைத் தின்கிற உப்பு. அதனால் அரிசோனா மாதிரி வறண்ட மாநிலத்து வண்டி கிடைத்தால் டிரக் வாடகை கொடுத்தாவது கொண்டுவாருங்கள். வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும். பரவாயில்லை, அதெல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிற சாமான். எங்கள் ஊர் வண்டி என்றால் பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும். சக்கர வளைவு, பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவின் அடி, இங்கெல்லாம் காந்தம் ஒட்டவில்லை என்றால் பட்டி போட்டுப் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

அடுத்தது நம்பர். பிளேட்டில் இருப்பது இல்லை, ஆலையில் வண்டிக்குக் கொடுத்த நம்பர். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் மஸ்டாங்கின் முதல் சீரியல் நம்பர் வண்டி இருக்கிறது, கூரையை மடக்கக்கூடிய வெள்ளை கன்வர்ட்டிபிள். அதன் நம்பர் 5எஃப்08எஃப்100001. முதல் 5 என்றால் 1965 மாடல். எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். 08 கன்வர்ட்டிபிள், 07 சாதாரணக் கூரை உள்ள கூப்பே, 09 கூரை பின்னால் சரிந்து இறங்குகிற ஃபாஸ்ட்பேக். அடுத்த எழுத்து இன்ஜின், அந்த எஃப் 260 கன அங்குல வி8. மீதி சீரியல். விற்கக் கூடாத அந்த முதல் வண்டியைக் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து டீலர் ஒரு விமானிக்கு விற்றுவிட்டார். அப்புறம் புது மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துத்தான் கம்பெனி அதைத் திரும்ப வாங்கியது. பேரம் பேசத் தெரிந்த மனுஷன்!

உங்கள் வண்டியில் பானட்டைத் திறந்தால், இடது பக்க உள் தகரத்தில் அந்த நம்பர் குத்தியிருக்கும். பத்திரத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகவில்லை என்றால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். இன்ஜின் எழுத்து டி (T), அதாவது ஆறு சிலிண்டர் என்று இருந்து, உள்ளே வி8 உட்கார்ந்திருந்தால், பின்னால் மாற்றியிருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் வி8 வண்டிக்கான விலை கொடுக்காதீர்கள். சக்கரத்தையும் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்தில் நான்கு போல்ட், வி8க்கு ஐந்து.

என் வண்டி நான்கு போல்ட்தான். 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர், 120 குதிரைத்திறன். வி8 கூட்டத்தில் கொஞ்சம் கேலி செய்வார்கள். செய்யட்டும். கிராங்க் தண்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங் உள்ள இன்ஜின், லேசில் சாகாது. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கும், பிளக் மாற்ற முழங்கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம். ஃபாஸ்ட்பேக் வி8 தேடுகிறவர்கள் தேடட்டும், என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு ஆறு சிலிண்டர் கூப்பேதான் சரி. மிச்சமாகிற காசைத் தகரத்தில் போடுங்கள்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மிதியின் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டருக்கு 1966 வரை ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967இல் இரட்டை அறை வந்தது, அதைப் பழைய வண்டியில் மாட்டுவதற்கான கிட் கிடைக்கிறது. ஒரிஜினாலிட்டி போய்விடுமே என்று யாராவது சொன்னால், அவரை ஃப்ரீவேயில் முன்னால் போகச் சொல்லுங்கள். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு ஓட்டுங்கள், தயவுசெய்து துணி போட்டு மூடி வைக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங் இல்லை, பார்க்கிங்கில் தோள் வலிக்கும். இடுப்பு பெல்ட் மட்டும்தான். வெயிலில் வினைல் சீட் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் யாராவது ஒரு தாத்தா பக்கத்தில் வந்து, தன் முதல் காரும் இதேதான் என்று ஆரம்பிப்பார். டேங்க் நிறைந்த பிறகும் கதை முடியாது. இங்கே 26 வருடம் ஆன வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட், அதாவது பழைய வண்டிக்கான தனி நம்பர் பிளேட், கொடுப்பார்கள். சும்மா கடைக்குப் போகக் கூடாது, கண்காட்சி, கிளப் ஊர்வலம் மாதிரி காரியத்துக்குத்தான். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு, தினசரியே ஓட்டலாம்.

ஏன் ஆகஸ்ட் முக்கியம் என்றால் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலம் அந்த மாதம்தான். 1995இல் டெட்ராய்ட் புறநகரான ஃபெர்ண்டேலில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்தது. இப்போது ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை பான்டியாக் வரைக்கும் வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய வண்டிதான். வண்டியோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சனிக்கிழமை அன்று உள்ளே நுழையாதீர்கள். வண்டி ஊர்ந்து ஊர்ந்து ரேடியேட்டர் கொதித்து, ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்பீர்கள். அந்த வாரத்தின் புதன், வியாழன் மாலைகளில் வாருங்கள், ஓட்டவும் இடம் இருக்கும், பார்க்கவும் நிறைய வண்டி இருக்கும். சும்மா பார்க்க வருகிறவர்கள் மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்துவிடுங்கள். ராயல் ஓக் பக்கம் சீக்கிரம் வந்தால் நிழலில் இடம் கிடைக்கும். என் கவுல் அதற்குள் மூடியிருந்தால் நானும் வியாழக்கிழமை அங்கேதான். கம்ப்ரஸர் நின்றுவிட்டது, நான் போய் மீதி ஸ்பாட்டுகளைத் துளைக்கிறேன். பார்க்கலாம் மக்களே!