முற்றம் விட்டது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நியூயார்க் நகரத்துக்கு நன்மை செய்தது நவீனத்துவக் கட்டடமா, பின்நவீனத்துவக் கட்டடமா என்பது கேள்வி. அலங்காரத்தைத் தவிர்த்து எஃகும் கண்ணாடியுமாக எழுந்தது நவீனத்துவம்; அதற்குப் பின் வந்து பழைய அலங்காரங்களை மீண்டும் சேர்த்தது பின்நவீனத்துவம். நாங்கள் நவீனத்துவத்தின் பக்கம். எதிரணித் தலைவர் எங்கள் கட்டடங்களை "உயிரில்லாத கண்ணாடிப் பெட்டி" என்றார். வாருங்கள், பார்க் அவென்யூவுக்கே போய்ப் பார்த்துவிடுவோம்.

1958-ல் எழுந்த சீகிராம் கட்டடம். 38 மாடி. வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ. ஒவ்வோர் அடி நிலமும் காசாகும் மன்ஹாட்டனில், தெருவை ஒட்டிக் கட்டாமல் சுமார் 90 அடி உள்ளே தள்ளிக் கட்டினார். முன்னால் கிரானைட் பாவிய முற்றம், இருபுறமும் நீர்த்தொட்டி. 1970-களில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் கேமராவோடு வந்து இந்த முற்றத்தைப் படம்பிடித்தார். படியிலும் விளிம்புச் சுவரிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், வெயில் காய்கிறார்கள். பெட்டிக்கு உயிரில்லை என்றால் இத்தனை பேர் அங்கே ஏன் வந்தார்கள்?

"வெளியே தெரியும் வெண்கலச் சட்டங்கள் கட்டடத்தைத் தாங்கவில்லையே, அதுவும் அலங்காரம்தானே?" என்று எதிரணி மடக்கியது. தாங்கவில்லை, உண்மைதான். தீப் பாதுகாப்பு விதிப்படி உள்ளே இருக்கும் எஃகைக் கான்கிரீட்டால் மூடியாக வேண்டும். மூடிய எலும்பு எப்படிப்பட்டது என்று வெளியே சொல்ல வந்தவை அந்தச் சட்டங்கள். அலங்காரம் என்றாலும் அது கட்டடத்தைப் பற்றிப் பேசும் அலங்காரம்!

இனி எதிரணி கொண்டாடும் கட்டடம். மாடிசன் அவென்யூ 550, ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக 1984-ல் முடிந்தது. வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் பிலிப் ஜான்சன். சீகிராமில் மீஸோடு சேர்ந்து வேலை பார்த்த அதே ஜான்சன். எனக்கு வலிப்பது அதுதான். எஃகுச் சட்டத்தின் மேல் இளஞ்சிவப்புக் கிரானைட்டைப் போர்த்தி, உச்சியில் பழைய மர அலமாரிக்கு இருப்பது போல நடுவில் பிளந்த மகுடம் வைத்தார்கள். வாசலில் நிற்பவர் கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் அது கண்ணில் படாது. தூரத்துப் பார்வைக்கும் பத்திரிகை அட்டைக்குமான அழகு அது.

கீழே மக்களுக்கென்று தூண் மண்டபம் விட்டார்களே என்பீர்கள். விட்டார்கள், அதைக் காட்டி விதி அனுமதிப்பதைவிடக் கூடுதல் தளப்பரப்பு கட்டும் சலுகையும் வாங்கிக்கொண்டார்கள். 1990-களில் கட்டடம் கைமாறியதும் அந்த மண்டபத்தை அடைத்துக் கடைகளாக்கிவிட்டார்கள்.

முற்றம் விட்டால் கூடுதல் தளம் என்ற சட்டமே, சீகிராமைப் பார்த்த பிறகு 1961-ல்தான் வந்தது. சலுகைக்காகப் பிறர் விட்ட முற்றங்களில் பல வெறிச்சோடிக் கிடந்தன, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கை மீஸ் தலையில் எழுதாதீர்கள் நடுவர் அவர்களே. அவர் முற்றம் விட்டபோது அதற்காக ஒரு சதுர அடிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.