விடியற்காலை ஐந்தரைக்கு ஓடையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. மணி இப்போது ஐந்தரை. மேலூர் பக்கம், வயல்களுக்கு நடுவே ஓடுகிற ஒரு சின்ன ஓடைக் கரையில் நிற்கிறேன். தூரத்தில் கறுப்பாகத் தெரிவது அழகர்மலை. டார்ச்சைத் தண்ணீர்மேல் அடிக்கிறேன், பாருங்கள். கெண்டைக் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரைக்காக வரவில்லை. மூச்சு முட்டுகிறது.

நேற்று மத்தியானம் இதே இடத்தில் எடுத்ததையும் போடுகிறேன். பச்சைப்பசேல் என்று பாசி, அதில் முத்து முத்தாகக் குமிழிகள். பார்த்தால் செழிப்பு என்றுதான் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பாசிதான் ராத்திரியில் இந்த மீன்களின் மூச்சை எடுக்கிறது.

பகலில் வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜன் விடும். இருட்டியதும் விடுவது நின்றுவிடும்; நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது மட்டும் நிற்காது. அடியில் செத்து அழுகும் பாசியைத் தின்கிற பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ராத்திரி முழுக்கக் குறைந்துகொண்டே போய், விடிவதற்குச் சற்று முன்னால்தான் நிலைமை படுமோசம். நம் ஊர்ச் சூடும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் வந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. அதனால்தான் இந்த நேரத்துக்கு வந்தேன்.

சரி, பாசிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 சதவீதம், ஏறக்குறைய 21 கிலோ. நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகும், ஒரு பங்கு தண்ணீரோடு போகும். டிஏபி உரத்தில் இருக்கும் பாஸ்பரஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டு, மழையில் வரப்பு கரையும்போது அந்த மண்ணோடு வந்து சேரும். வயலை மட்டும் சொல்லக் கூடாது. வீட்டுச் சாக்கடையிலும் இதே இரண்டு சத்துதான். போன மாதம் ஒரு செப்டிக் டேங்க் லாரி இந்தப் பாலத்தடியில் கொட்டிவிட்டுப் போனதை நானே பார்த்தேன். வைகையில் வெள்ளம் போகும்போது கலந்தால் கொஞ்சமாவது கரைந்து போகும். இரண்டு எட்டில் தாண்டுகிற ஓடையில் எங்கே கரையும்?

இந்தக் கல்லைப் புரட்டுகிறேன். வழவழப்பு, கூடவே சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள். இவற்றின் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு, அதுதான் இந்தச் சிவப்பு. ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். போன வாரம் மலையடிவாரத்தில், தண்ணீர் தெளிவாக வரும் இடத்தில் புரட்டிய கல்லில் வேறு உயிர்கள் இருந்தன. வயிற்றின் இரண்டு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள், பின்னால் மூன்று வால். மேஃப்ளை என்கிற பூச்சியின் இளம்பருவம் அது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் இதுவும் ஒன்று. இங்கே ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் அயிரை. மதுரைக்காரர்களுக்கு அயிரைக் குழம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது மணலில் வாழ்கிற மீன். மணலைக் கிளறி, அதில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். இங்கே மணல்மேல் பாசியும் சேறும் ஒரு விரற்கடைக்கு மூடிக்கிடக்கிறது. ஜிலேபிக் கெண்டை தாங்கும், விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். அயிரை எங்கே போய் மேயும்?

மர நிழல் இருக்கும் ஓடையில் வெயில் விழாது, பாசி பிடிக்காது, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. அமெரிக்காவின் வட கரோலினாவில், கோவீட்டா என்ற காட்டில், சிற்றோடைகளில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்து சில வருடங்கள் கவனித்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. இலைச்சருகு ஓடையில் தங்கும் காலம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சத்து கிடைத்ததும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வேகமாக அரித்துத் தீர்த்துவிடுகின்றன. சருகுதான் அங்கே பூச்சிகளுக்கு வருடம் முழுக்கச் சோறு, வீடு இரண்டும். அதுவே சீக்கிரம் தீர்ந்தால்?

எதிர்க்கரை வயல் எங்கள் பெரியப்பாவுடையது. அவர் யூரியாவை ஒரே தடவையாகப் போடுவதில்லை, மூன்று தடவையாகப் பிரித்துப் போடுகிறார். போட்ட பிறகு சில நாள் வடிமடையைத் திறப்பதில்லை. மழை வருகிற மாதிரி இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே மாட்டார். ஓரத்துக் கோரையையும் வெட்டாமல் விட்டிருக்கிறார், வழிந்து வரும் மண் அதில் தங்கிவிடுகிறது. உரக்காசு மிச்சம் என்றுதான் அவர் சொல்கிறார். எனக்கு அந்தக் காரணமே போதும்.

மணி ஏழாகப் போகிறது. வெயில் தண்ணீரைத் தொட்டுவிட்டது, கெண்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. உங்கள் ஊர் ஓடையையும் ஒரு நாள் இந்த நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மீன் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.