வெற்றியைத் தீர்மானித்தது படை நடத்தும் முறையே – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

“போர்க்களத்தில் வெற்றியைத் தீர்மானித்தது புதிய ஆயுதமா, படை நடத்தும் முறையா?” இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. புதிய ஆயுதமே என்று எனக்கு முன் பேசிய நண்பர் நான்கு சான்றுகளை வைத்தார். துப்பாக்கி வந்தது, வேலும் வாளும் ஒழிந்தன என்றார். மைசூர் ராக்கெட் புள்ளலூரில் ஆங்கிலேயரைச் சிதறடித்தது என்றார். முதல் உலகப் போரில், பிரான்ஸின் சோம் ஆற்றங்கரையில் இயந்திரத் துப்பாக்கி ஒரே நாளில் ஆயிரமாயிரம் பேரைச் சாய்த்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கு வந்து பிரான்ஸை ஆறே வாரத்தில் முடித்தது என்றார். நான்கையும் எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஒவ்வொன்றையும் ஒரு சிப்பாயின் கையில் கொடுத்து, அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்ப்போம்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. புல்லை வைத்துப் பீரங்கியை எதிர்க்க முடியாது. ஆயுதம் வேண்டும். ஆனால் ஆயுதம் கைக்கு வருவது ஒரு நாள், அது படையாக மாறுவது வேறொரு நாள். இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் என் வாதம்.

முதலில் திரித் துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்த கயிறு, எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். சிப்பாய் குழலுக்குள் மருந்து கொட்டுகிறான், குண்டு போடுகிறான், கம்பியால் இடிக்கிறான், பக்கத்துக் கிண்ணத்தில் பொடிமருந்து வைத்து மூடுகிறான், கனலை ஊதித் திரியைப் பிடியில் பொருத்துகிறான், பிறகுதான் சுடுகிறான். ஒரு முறை சுட ஏறத்தாழ ஒரு நிமிடம். தோளில் மருந்துக் குப்பிகள் தொங்க, கையில் நெருப்போடு நிற்கிறான். அருகில் நிற்பவன்மேல் ஒரு பொறி விழுந்தால் இரண்டு பேரும் போனார்கள். மழை பெய்தால் அது துப்பாக்கியே இல்லை, கனத்த தடி. ஒரு நிமிடத்தில் குதிரைப் படை எவ்வளவு தூரம் வந்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் துப்பாக்கி வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் ஐரோப்பாவில் நீண்ட ஈட்டிக்காரர்கள் துப்பாக்கிக்காரனைச் சுற்றிக் காவல் நின்றார்கள். ஈட்டி ஒழிந்தது என்று நண்பர் சொன்னாரே, அப்போது ஒழியவில்லை ஐயா.

இதற்கு வழி கண்டது எந்தக் கொல்லனும் அல்ல. 1594 டிசம்பரில் நெதர்லாந்தில் படைத்தலைவர் வில்லியம் லூயிஸ், தன் உறவினரும் படைத்தலைவருமான மாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பண்டைய ரோமானியர் ஈட்டி எறிந்த முறையைப் படித்துவிட்டு, அதைத் துப்பாக்கிக்குப் பொருத்தி வரைந்து காட்டினார். பத்து வரிசை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை சுடும். சுட்டதும் ஆட்களுக்கு நடுவே விட்ட சந்து வழியாகப் பின்னால் போய்க் கடைசியில் நின்று மருந்து கெட்டிக்கும். இரண்டாம் வரிசை முன்னால் வந்து சுடும். நிமிடத்துக்கு ஒரு குண்டு சுடும் அதே துப்பாக்கி. பத்து வரிசை இருந்தால் ஆறு விநாடிக்கு ஒரு சரமாரி! துப்பாக்கியில் ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை.

ஆனால் காகிதத்தில் வரைவது எளிது. எதிரி முன்னால் நிற்கும்போது முதுகைக் காட்டித் திரும்பி நடக்கச் சொன்னால், பாதிப் பேர் அப்படியே ஓடிவிடுவார்கள். பின்வரிசைக்காரன் அதைப் பார்த்துத் தானும் ஓடுவான். அதனால் மருந்து கெட்டிக்கும் வேலையை நாற்பதுக்கு மேற்பட்ட தனித்தனி அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை வைத்து, படம் போட்டுப் புத்தகமாகவே 1607-ல் அச்சிட்டார்கள். இன்று நம் ஊர் மைதானத்தில் என்.சி.சி. பிள்ளைகள் எண்ணிக்கை சொல்லிக் கால் மாற்றுகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அடுத்து சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. ஆங்கிலேயர் கையில் இருந்ததன் குழல் விட்டம் 19 மில்லிமீட்டர். குண்டோ 17.5 மில்லிமீட்டர்தான். ஏன் இந்த இடைவெளி? கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். இறுக்கமான குண்டு என்றால் சில முறை சுட்டதும் உள்ளே இறங்காது. இடைவெளி விட்டால் குண்டு குழலின் சுவரில் இடித்துக்கொண்டே வெளிவரும். எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைப்பது வீண். அந்தக் காலத்துப் படைகள் தோளோடு தோள் நின்று எதிரெதிரே சுட்டதைத் திரையில் பார்த்து, இவ்வளவு முட்டாள்களா என்று கேட்பவர்கள் உண்டு. முட்டாள்தனம் இல்லை ஐயா. தனியாகச் சுட்டால் படாத குண்டு, ஐந்நூறு பேர் ஒரே திசையில் சுட்டால் ஒரு கூட்டத்தின்மேல் படும். அதற்காகவே நெருங்கி நின்றார்கள். கனலும் திரி போய்க் கல் வந்தது என்பதால் நெருங்கி நிற்கவும் முடிந்தது. அந்த அளவுக்கு ஆயுதத்தின் பங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டது பயிற்சி. எல்லாரும் ஒன்றாகச் சுட்டுவிட்டால் பிறகு இருபது விநாடி வெறுங்கையாக நிற்க வேண்டுமே? அதற்காகப் பிரிவு பிரிவாக முறை வைத்துச் சுட்டார்கள்; எந்த நேரமும் யாராவது ஒரு பிரிவின் கையில் நிரப்பிய துப்பாக்கி இருக்கும்.

பயிற்சி குறைந்தால் என்ன ஆகும்? பதற்றத்தில் இடிகம்பியைக் குழலுக்குள்ளேயே விட்டுவிட்டுச் சுட்டுவிடுவான். கம்பி பறந்துவிடும். அதற்குப் பிறகு அவனால் நிரப்பவே முடியாது. இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 1863 ஜூலை, அமெரிக்க உள்நாட்டுப் போர், கெட்டிஸ்பர்க். போர் முடிந்து களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள், சுமார் 27,500. பெரும்பாலும் அந்நாளில் புதிதாக வந்த, நெடுந்தூரம் துல்லியமாகச் சுடும் ரைஃபிள்கள். அவற்றில் சுமார் 24,000 நிரப்பியபடியே கிடந்தன. சரி, நிரப்பிய நொடியில் விழுந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பாதியில் இரண்டு தடவைக்கான மருந்தும் குண்டும்! கால்வாசியில் மூன்று முதல் பத்துத் தடவை வரை! ஒரு குழலுக்குள் 23 தடவை. நடந்தது இதுதான்: மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியைத் துப்பாக்கியில் வைக்க மறந்திருப்பான், அல்லது துளை அடைத்திருக்கும். சுற்றிலும் பேரொலி, புகை. தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. அடுத்த தோட்டாவைக் கிழித்து அதன்மேலேயே இடிப்பான். புதிய ஆயுதம் கையில் இருந்தது நண்பரே. அது சுடவே இல்லை.

இனி புள்ளலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அங்கே அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் உண்மை. மைசூர் ராக்கெட் அருமையான ஆயுதம். இரும்புக் குழல் என்பதால் மருந்தை இறுக்கி அடைக்கலாம், அழுத்தம் தாங்கும், தூரம் போகும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் கேள்வி இது: பெய்லி ஏன் அங்கே தனியாக இருந்தார்? சென்னைப் படையின் தலைவர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். இரண்டும் சேர்ந்திருந்தால் கதை வேறு. ஹைதர் அலி மன்றோவின் எதிரே நின்றுகொண்டு, மகன் திப்புவைக் குதிரைப் படையோடு பெய்லியின் வழியை மறிக்க அனுப்பினார். இரண்டு படைகளையும் சேரவிடாமல் வைத்திருந்து, கடைசி இரவில் தானும் நகர்ந்துவந்து சூழ்ந்தார். சிறு படையைத் தனியாக்கிப் பெரும்படையால் அடித்தார். அந்த நகர்வு இல்லையென்றால் ராக்கெட் யார்மேல் விழுந்திருக்கும்? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள்ளும் அதே ராக்கெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கோட்டை விழுந்தது.

ஆயுதத்தையும் தேதியையும் மாற்றாமல் ஒரு சோதனை வேண்டுமா? 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்கா. இசாண்டல்வானாவில் ஆங்கிலேயர் கையில் மார்ட்டினி-ஹென்றி, பின்வழியாகத் தோட்டா நிரப்பும் ரைஃபிள். எதிரே ஜூலு வீரர் சுமார் 20,000 பேர், பெரும்பாலும் குத்தீட்டியும் தோல் கேடயமும். ஆங்கிலேயர் முகாமைச் சுற்றி வண்டிகளை நிறுத்தவில்லை, அகழி வெட்டவில்லை. மெல்லிய வரிசையாக இடைவெளி விட்டு முகாமுக்கு வெளியே பரந்து நின்றார்கள். ஜூலுக்கள் எருமைக் கொம்பு வியூகத்தில் வந்தார்கள்: மார்பு நேராக மோதி நிறுத்தும், இரண்டு கொம்புகள் இருபுறமும் ஓடி வளைக்கும். அன்று முகாமில் 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே நாள் மாலை, சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலேயே, ரோர்க்ஸ் டிரிஃப்ட். சுமார் 150 பேர், அவர்களில் நோயாளிகளும் உண்டு. எதிரே 3,000-க்கு மேல். அதே ரைஃபிள். மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் மார்பளவுக்கு அடுக்கிச் சுவர் கட்டினார்கள். வெளிச்சுவரைக் காக்க முடியாது என்று தெரிந்ததும் உள்ளே குறுக்காக இன்னொரு சுவருக்குப் பின்வாங்கிச் சிறிய வட்டத்துக்குள் நின்றார்கள். விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். துப்பாக்கி ஒன்றே, ஓரிடத்தில் சவக்காடு, ஓரிடத்தில் வெற்றி. ஈட்டியோடு வந்து பகலில் இசாண்டல்வானாவில் வென்றவர்களும் முறையால் வென்றவர்களே என்பதை எதிரணி குறித்துக்கொள்ள வேண்டும்.

சோம் ஆறு. 1916 ஜூலை 1 அன்று மட்டும் ஆங்கிலேயரில் 19,240 பேர் செத்தார்கள். நண்பர் இயந்திரத் துப்பாக்கி என்றார். ஏழு நாள் குண்டுமழை பொழிந்து நிறுத்தினார்கள். நின்றதும் ஆழக் குழியிலிருந்த ஜெர்மானியர் துப்பாக்கியோடு மேலே ஏறினார்கள். இவர்கள் முள்கம்பியைத் தாண்டுவதற்குள் அவர்கள் சுடத் தொடங்கினார்கள். அந்தச் சில நிமிட இடைவெளிதான் கொன்றது. 1917 ஏப்ரல் 9, விமி மேடு: அங்கும் அதே இயந்திரத் துப்பாக்கிகள். கனடியப் படை, பீரங்கிக் குண்டுகளைத் தன் ஆட்களுக்கு முன்னால் ஒரு திரைபோல விழச் செய்து, மூன்று நிமிடத்துக்கு நூறு கஜம் என்று அதை நகர்த்தி, அதன் பின்னாலேயே நடந்து மேட்டைப் பிடித்தது. அந்த நடையை நாடாக்கள் கட்டிய திடலில் கடிகாரம் வைத்துப் பழகியிருந்தார்கள். பீரங்கிக் குண்டை வெடிக்கவைக்கும் துல்லியமான புதிய வெடிமுனையும் முள்கம்பியை அறுக்க உதவியது; மறுக்கவில்லை. ஆனால் நூறு கஜத்துக்கு ஐம்பது கஜம் பிந்தினால் அந்த வெடிமுனை உங்களைக் காப்பாற்றாது.

கடைசியாக டாங்கு. அதற்கு முன் செடான் என்ற பிரெஞ்சு ஊரை நினைவில் வையுங்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டுக்கும் போர். பிரெஞ்சுச் சிப்பாயின் ரைஃபிள் 1,200 மீட்டர் வரை சுடும். பிரஷ்யனுடையது அதில் பாதி. 25 குழல் கொண்ட சரமாரித் துப்பாக்கியும் பிரான்ஸிடம் இருந்தது. ரகசியமாக வைத்தே கெடுத்தார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று பெரும்பாலோருக்குப் பழக்கமில்லை, பீரங்கிபோலத் தூரத்தில் நிறுத்தினார்கள். பிரஷ்யாவிடம் எஃகுப் பீரங்கி இருந்ததே என்று கேட்பீர்கள். 1866-ல் ஆஸ்திரியாவோடு போரிட்டபோதும் இருந்தது, அப்போது அணிவகுப்பின் வாலில் இழுத்து வந்ததால் பெரிதாகப் பயன்படவில்லை. அந்தக் குறையை அவர்கள் படித்தார்கள். 1870-ல் பீரங்கியை முன்னால் கொண்டுவந்து ஒன்றாகக் குவித்தார்கள். செப்டம்பர் 2 அன்று செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார்.

எழுபது ஆண்டு கழித்து, 1940 மே 13, அதே செடானில் ஜெர்மானியர் மியூஸ் ஆற்றைக் கடந்தார்கள். பிரெஞ்சு ஷார் பி1 பிஸ் டாங்கின் கவசம் 60 மில்லிமீட்டர். அன்று ஜெர்மானியரிடம் அதற்கு இணையான டாங்கே இல்லை. ஆனால் அதன் சுழல்கோபுரத்தில் ஒரே ஆள். அவரே பார்க்க வேண்டும், குண்டு நிரப்ப வேண்டும், சுட வேண்டும், கட்டளையும் இட வேண்டும். பிரெஞ்சு டாங்குகளில் பலவற்றில் வானொலி இல்லை. பெரும்பகுதியைக் காலாட்படைக்குத் துணையாகப் பிய்த்துக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மானியர் டாங்குகளை ஒன்றாகத் திரட்டி, வானொலியால் இணைத்து, விமானத்தையும் காலாட்படையையும் அவற்றோடு சேர்த்து ஓட்டினார்கள்.

மே 16 அன்று செடானுக்குத் தெற்கே ஸ்டோன் என்ற சிற்றூருக்குள் ஒற்றை ஷார் பி1 பிஸ் நுழைந்தது. தெருவில் வரிசையாக நின்ற ஜெர்மன் டாங்குகளில் பதின்மூன்றை அடித்து நொறுக்கியது. அதன் உடலில் 140 குண்டுகள் பட்டன, ஒன்றுகூடத் துளைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, மே 20 இரவு, ஜெர்மன் டாங்குகள் ஆங்கிலக் கால்வாய்க் கரையை எட்டின. அந்த டாங்கு அவற்றின் பாதையில் இல்லை.