மஜ்ஜையை ஊசி போடாமல் பார்க்க முடியுமா?

வணக்கம் நேயர்களே. எலும்பு மஜ்ஜையில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பலருக்கு வருகிற பயம் நோயைப் பற்றியதுகூட இல்லை, இடுப்பெலும்பில் குத்தப்போகும் ஊசியைப் பற்றியது. "ஸ்கேன்லயே பார்த்துடக் கூடாதா டாக்டர்?" என்று கேட்பார்கள். பாதி பார்க்கலாம்.

மஜ்ஜையில் சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு வகை. ரத்த அணுக்கள் உருவாவது சிவப்பில், அதில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு. மஞ்சளில் 80 சதவீதம். பிறக்கும்போது கிட்டத்தட்ட எல்லாமே சிவப்புதான். வயது ஏற ஏற கை கால் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்து, 25 வயது வாக்கில் சிவப்பு பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பு, விலா, மண்டை ஓடு என்று ஒதுங்கிவிடும். கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. கெட்டி, அதில் கதிர்வீச்சும் கிடையாது. டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு பளிச்சென்று தெரியும். புற்றணுக்கள் குடியேறினால் கொழுப்பு இடத்தைக் காலி செய்யும், அந்த இடம் கறுக்கும். படத்தைத் திறந்ததும் முள்ளெலும்பையும் பக்கத்திலிருக்கும் டிஸ்க்கையும்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெரியவர்களுக்கு எலும்பு டிஸ்க்கைவிடக் கறுத்திருந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

எக்ஸ்ரேயை நம்பினால் தாமதம்தான், எலும்பு 30 சதவீதமாவது கரைந்த பிறகே அதில் தெரியும். மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மைலோமாவில் எம்.ஆர்.ஐ. 5 மில்லிமீட்டர் புள்ளியையே காட்டிவிடும். அப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவைப்படும் மைலோமா என்றே 2014 முதல் கணக்கு.

சரி, கறுத்ததெல்லாம் புற்றா? இல்லவே இல்லை. நாள்பட்ட ரத்தசோகை, அதிகப் புகைப்பழக்கம், கீமோவுக்குப் பின் வெள்ளணு ஏறப் போடும் ஊசி, இவற்றிலும் மஞ்சள் மறுபடி சிவப்பாகும். அப்போது கொழுப்பும் நீரும் கலந்திருந்தால் ஒளி குறைகிற மாதிரி இன்னொரு படம் எடுப்போம். நன்றாகக் குறைந்தால் பெரும்பாலும் நல்ல மஜ்ஜை, குறையாவிட்டால் சந்தேகம்.

ஆனால் என்ன வகை அணு, எந்த மரபணு மாறியிருக்கிறது என்பதை எந்தப் படமும் சொல்லாது, அதற்கு ஊசி குத்தி மஜ்ஜைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். பயாப்ஸியோ ஒரே இடத்துத் துணுக்கு. நோய் திட்டுத்திட்டாக இருந்தால் தவறிப்போகும், எங்கே எடுப்பது என்று ஸ்கேன்தான் வழிகாட்டும். அதனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், ஸ்கேனுக்குப் போகும்போது பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். சமீபத்தில் போட்ட ஊசி, ஏற்றிய ரத்தம், கீமோ நடந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.