சேலம் ஜில்லா பாட்டி

நடுவர் அவர்களுக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். மறதிநோய் வந்த பெரியவங்ககிட்ட பேசத் தேவை உண்மையா, இதமா? நாங்க இதம்.

முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டுட்டுப் போனார். "இதம்னு பேர் வச்சிருக்காங்க, அசல் பேரு பொய். பெத்தவகிட்டயே பொய் சொல்லக் கத்துக்குடுக்கறாங்க"ன்னார். நீங்களும் கைதட்டினீங்க, கவனிச்சேன். இருக்கட்டும்.

அண்ணனுக்கு ஒரு பாட்டி கதை. காவேரிப்பட்டணம் பக்கம், வயசு 85. காலேஜ் படிக்கிற பேரன் தினம் காலையில பரீட்சை வைப்பான். "பாட்டி, நாம எந்த மாவட்டம்?" "சேலம் ஜில்லா." "இல்ல பாட்டி, கிருஷ்ணகிரி." "போடா, அது தாலுக்காடா!" பேரன் விடுவானா? ஆதார் அட்டையை மூக்குக்கு நேரா நீட்டறான். பாட்டி கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, "எவனோ தப்பா எழுதிக் குடுத்திருக்கான், போய் மாத்திக்கிட்டு வா"ங்கறாங்க. அடுத்து போன்ல மேப்பைக் காட்டறான். பாட்டி தட்டைத் தள்ளிட்டாங்க. அன்னிக்குக் களியும் இறங்கல, மாத்திரையும் இறங்கல. ஆனா பேரன் ஜெயிச்சுட்டான்!

பாட்டி சொன்னது பொய்யா அண்ணே? 1965 அக்டோபர் 2 வரைக்கும் இது சேலம் ஜில்லாதான். அப்புறம் தருமபுரி. 2004லதான் கிருஷ்ணகிரி. நோய் நினைவை மேலேருந்து உரிச்சுக்கிட்டே வருது. முதல்ல 2004 போச்சு, அப்புறம் 1965 போச்சு, சேலம் நிக்குது. புது நினைவைப் பதிய வைக்கிற மூளைப் பகுதியைத்தான் அல்சைமர்ங்கற மறதிநோய் முதல்ல தின்னும். பழசு ரொம்ப நாள் தாங்கும். பேரன் நடத்தின பாடம் பதியவே பதியாது. "என்னை மட்டம் தட்டிட்டான்"ங்கற கசப்பு மட்டும், காரணம் மறந்த பிறகும் தங்கிடும்.

இதம்னா கொஞ்சறதுன்னு நினைக்காதீங்க. குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசினா அவங்களுக்கு எரிச்சல்தான் வரும். டிவியை அணைங்க. பின்னாலேருந்து கூப்பிடாம, எதிர்ல வந்து அவங்க கண் மட்டத்துக்கு உட்காருங்க. "நான் யாரு தெரியுதா?"ன்னு கேக்கற வழக்கத்தையே விடுங்க, "உங்க பேரன் வந்திருக்கேன் பாட்டி"ன்னு நீங்களே சொல்லிடுங்க. ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதி. சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள வேற வார்த்தையில மாத்திக் கேட்டா, பாவம், முதல்லேருந்து யோசிக்கணும். "என்ன சாப்பிடறீங்க?" வேண்டாம், களியையும் சோத்தையும் காட்டி "எது?"ன்னு கேளுங்க. ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவங்களுக்குத் தமிழ் நழுவினா, அந்தப் பேச்சுலயே பேசுங்க. ரெண்டு நாள்ல திடீர்னு குழப்பம் கூடிச்சுன்னா மட்டும் என் அணி, உங்க அணி ரெண்டும் உதவாது. மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, எதுவா வேணா இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட காட்டணும்.

அண்ணன் கேட்டார், "செத்துப்போன தாத்தா எங்கேன்னு பாட்டி கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னு. அவர் உண்மையைச் சொல்லுவார். பாட்டி மாரடிச்சு அழும். கொஞ்ச நேரத்துல சேதி மறந்துடும், சாயங்காலம் திரும்பக் கேக்கும். "சந்தைக்குப் போயிருக்கார்"னு நான் சொல்ல மாட்டேன் அண்ணே, வாசல்லயே காத்துக்கிட்டு உட்கார்ந்துடும். கையைப் பிடிச்சுக்கிட்டு, "தாத்தா நெனப்பா இருக்கா பாட்டி? களிக்கு அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" இதுல எந்த வார்த்தை பொய்? "அவரைக்கொட்டைக் குழம்புதான், உப்பு குறைஞ்சா கத்துவான் மனுஷன்"னு சொல்லிட்டு அந்தப் பொக்கை வாய் சிரிக்கும் பாருங்க!

நடுவர் மணியில கை வச்சுட்டார். எதிரணிக்கு ஒரே கேள்வி. ஊர்ல எழவு சொல்ல ஆள் அனுப்பறோம், ஒரு சாவுக்கு ஒரு தடவை. நீங்க தினம் தினம் அந்தப் பாட்டிக்கு எழவு சொல்லச் சொல்றீங்களே, ஒரே புருஷனுக்கு எத்தனை தடவைதான் அது தாலி கழட்டும்? வணக்கம்.